தங்கச்சி இல்லாத வீடு

“ரெண்டும் அக்காவாத்தான் இருந்துச்சுங்க. உங்க இங்கிலீஷ் வந்து ஒண்ணத் தங்கச்சி ஆக்கிடுச்சு. இப்ப என் வீட்டுல அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. ரெண்டு கல்லு உக்காந்திருக்கு. நீங்க பண்ண உபகாரம் போதும் மேடம்.”

எழிலரசி முந்தின நாள் வாசலில் நின்று சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் விடாமல், சுகிர்தம் அப்படியே ஒப்பித்தாள். கடைசியில் வந்த ‘மேடத்தை’ எழிலரசி எப்படி இழுத்தாளோ அப்படியே இழுத்தும் காட்டினாள்.

டீச்சர் ரைஹானா பள்ளிக்கூடத்து மண்பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பானை நிறையும் வரை நிமிரவில்லை.

“உன்னைத்தாம்மா கேக்கறேன்.”

“நீங்க இன்னும் கேக்கலையே அக்கா. சொல்லத்தானே செஞ்சீங்க.”

“அக்காவா? என் பொண்ணே உனக்கு மூத்தவ.”

“அப்ப எப்படிக் கூப்பிடட்டும்?”

“ஒண்ணும் கூப்பிட வேண்டாம். பதில் சொன்னாப் போதும்.”

ரைஹானா பானையை மூடினாள். மூடியின் மேல் டம்ளரைக் கவிழ்த்தாள். பிறகு அதை நிமிர்த்தி, தண்ணீர் மொண்டு, சுகிர்தத்திடம் நீட்டினாள்.

சுகிர்தம் வாங்கிக் குடித்தாள். கோபத்துக்கும் தாகத்துக்கும் தனித்தனித் தொண்டை இல்லை.

*

இந்தச் சண்டை நடந்த இடம் ஒரு தீவு. தீவு என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். ஏரி கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்தபோது வெளியே தெரிந்த மணல் மேடு, அவ்வளவுதான். சில குடிசைகள், வலை காயப்போட மூங்கில்கள், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், ஒரு பூவரச மரம்.

காலையில் ஏரியின் மேல் பனி கிடந்தது. பனியில் தூரம் என்பதே இல்லை. படகு என்று நினைத்தது பக்கத்தில் வந்ததும் காக்கையாகிப் பறந்தது. காக்கை என்று நினைத்தது நெடுநேரம் கழித்து, பாய் விரித்த படகாகிப் போனது. வெள்ளைப் பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவை தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை.

அந்த ஏரியைத் தாண்டித்தான் சுகிர்தம் வந்திருந்தாள். வழி முழுக்க ஒன்றையும் ரசிக்கவில்லை. சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள்.

*

சுகிர்தம் கான்வென்டில் படித்தவள். அங்கே வாங்கிய இங்கிலீஷைக் கல்யாணமான கையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். மகளைக் கட்டிக் கொடுத்து வீடு வெறிச்சென்று ஆனபின் திறந்து பார்த்தாள். ஒரு வண்டுகூட விழவில்லை. அப்படியே இருந்தது.

படகுத்துறைத் தெருப் பிள்ளைகளை மாலையில் வீட்டுக்கு வரச் சொன்னாள். சேவை, தொண்டு என்றெல்லாம் பேச்சு இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் பேசும் இங்கிலீஷ் காதில் விழுந்தால் அவளுக்குப் பல் கூசியது, அதனால்.

நன்றாகத்தான் போயிற்று. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் பாடம் வந்தது. வாளியை வைத்துப் பெரியது, அதைவிடப் பெரியது. கயிற்றை வைத்து நீளம், அதைவிட நீளம். பிள்ளைகள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். பிக்கர் என்றார்கள், லாங்கர் என்றார்கள். சுகிர்தத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஓல்டர், யங்கர் என்று போனாள். வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சியைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள்.

எழிலரசியின் மகள்கள் தாரணியும் பூரணியும் இரட்டைப் பிள்ளைகள். ஏழு வயது.

தாரணி எழுந்து, ‘என் சகோதரி என்னைவிட மூத்தவள்’ என்று இங்கிலீஷில் சொன்னாள்.

பூரணி எழுந்தாள். அவளும் அதையே சொன்னாள்.

“ஒருத்தி சொல்றது ரைட்டுன்னா இன்னொருத்தி சொல்றது ராங். யாரு மூத்தவ?”

இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

அதற்கு ஒரு கதை உண்டு. ஆஸ்பத்திரியில் முதலில் வெளியே வந்தவள் தாரணி. அதனால் அவள்தான் அக்கா என்றது எழிலரசியின் பிறந்த வீடு. முதலில் உள்ளே போனவள்தானே கடைசியில் வெளியே வருவாள், அதனால் பூரணிதான் அக்கா என்றது புகுந்த வீடு. பெயர் வைக்கும் நாளிலேயே இரண்டு வீடும் முறைத்துக்கொண்டு நின்றன. விருந்துச் சோறு ஆறிப்போயிற்று.

அந்தச் சண்டையைத் தீர்த்தது பிள்ளைகள்தான். பேச்சு வந்ததும் இவள் அவளை அக்கா என்றாள். அவள் இவளை அக்கா என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அந்த வீட்டில் இரண்டு அக்கா இருந்தார்கள், தங்கச்சி இல்லை. யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

சுகிர்தத்துக்குத் தெரிந்தது.

“இதென்ன கூத்து? யாரு முதல்ல பொறந்தது?”

தாரணி பயந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

“அப்ப நீ ஓல்டர். நீ யங்கர். முடிஞ்சுது. எங்க, சொல்லுங்க.”

வாக்கியம் சுத்தமாக வரும் வரை சொல்ல வைத்தாள். தாரணிக்கு வாய் குழறியது. பூரணி, தான் இளையவள் என்று ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

சுகிர்தம் ‘குட்’ என்றும் சொன்னாள்.

*

“நான் சொன்னது பொய்யா?” என்று ரைஹானாவைக் கேட்டாள் சுகிர்தம்.

“இல்லையே.”

“அப்புறம் என்ன வந்தது அந்தப் பிள்ளைங்களுக்கு?”

ரைஹானா டம்ளரை வாங்கி மறுபடி மூடியின் மேல் கவிழ்த்தாள்.

“தாரணியால இனிமே பூரணியை அக்கான்னு கூப்பிட முடியாது. நான் கூடாதுன்னுட்டேன். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு அதுக்குத் தெரியல. அதனால கூப்பிடறதே இல்ல. பூரணி கூப்பிடலாம், தடை ஒண்ணும் இல்ல. ஆனா அது வாயைத் திறக்க மாட்டேங்குது. ஒரே தட்டுல சாப்பிட்ட பிள்ளைங்க. இப்போ ரெண்டு தட்டு போட்டா ரெண்டும் அப்படியே திரும்பி வருதாம். ஒரே பாய்ல ஆளுக்கு ஒரு சுவரைப் பாத்துப் படுக்குதுங்களாம்.”

இவ்வளவும் சொல்லும்போது சுகிர்தத்தின் குரலில் அந்தக் காரம் இல்லை. அதை அவளே கவனித்துவிட்டாள் போல. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எழிலரசி என்ன சொல்றா தெரியுமா? அக்கரை டீச்சர்கிட்ட, அதான் உன்கிட்ட, அனுப்பப் போறாளாம். அங்க எந்தப் பிள்ளையும் அழுதுட்டு வீட்டுக்குப் போறதில்லையாம். தாராளமா அனுப்பட்டும். எனக்கு அது பெரிசு இல்ல இப்போ. நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கணும். எப்படின்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அடுத்த படகுல போயிட்டே இருக்கேன்.”

“அடுத்த படகு சாயங்காலம்தான் அக்கா.”

“அது எனக்கும் தெரியும்.”

“அப்ப உள்ள வந்து உக்காருங்க. வெயில் ஏறுது.”

*

பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் கிடையாது. சுகிர்தம் கடைசியில் ஒரு பாயில் உட்கார்ந்தாள். உட்கார்வதற்குள் முழங்கால் இரண்டு முறை கேள்வி கேட்டது.

ரைஹானா கூட்டல் சொல்லிக் கொடுத்தாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கி வந்து கொட்டி, ஏதோ பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ‘ஸ்மாலர்’ என்று ஒன்றைத் தூக்கிக் காட்ட, இன்னொருத்தி அதை வாங்கி, நூல் கோத்துக்கொண்டிருந்த மாலையின் நுனியில் சேர்த்தாள். அதை யாரும் மெச்சவில்லை, யாரும் திருத்தவும் இல்லை.

சுகிர்தம் பொறுத்துப் பார்த்தாள். அவளுடைய பொறுமை அப்படி ஒன்றும் ஆழமான கிணறு இல்லை.

“பாடம் எப்போ ஆரம்பிக்கும்?”

“எந்தப் பாடம் அக்கா?”

“பிக்கர், லாங்கர்... அந்தப் பாடம்தான். எதுக்கு வந்தேன்னு நினைச்சே? கிளிஞ்சல் பாக்கவா?”

“நீங்களே எடுங்களேன்,” என்று ரைஹானா வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சுகிர்தம் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் முன்னால் கூப்பிட்டு, கான்வென்டில் நிறுத்துவது மாதிரி, குதிகால் சேர்த்து முதுகோடு முதுகாக நிறுத்தினாள். இந்த இரண்டு பேரில் யார் உயரம் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஒரு பிள்ளையும் அந்த இருவரைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் மேலே நிமிர்ந்தது. கூரையைப் பார்த்தார்கள். பீரோவின் மேலே பார்த்தார்கள்.

“அங்க என்ன பார்வை? கேள்வி இங்க இருக்கு.”

“எதை எடுக்கணும் டீச்சர்?” என்றாள் ஒரு பெண்.

“எதையும் எடுக்க வேண்டாம். யாரு உயரம்? அதைச் சொல்லு.”

“அதுதான் டீச்சர். எதை எடுக்கணும்?”

“ஒண்ணும் எடுக்க வேண்டாம்னா சும்மா சொல்லக் கூடாதா?”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் சில சமயம் இப்படித்தான், விட்டுப் பிடிக்க வேண்டும் என்பது போல ஒரு பார்வை. முன்னால் நின்ற இருவரும் முதுகைப் பிரித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பீரோ பக்கம் நகர்ந்தார்கள். அதன் மேல்தான் சாக்பீஸ் டப்பா இருந்தது.

சுகிர்தம் விடவில்லை. அடுத்த கேள்வி. உங்களில் யார் கனம்?

இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். காலையில் படகில் ஏறியபோது படகுக்காரர் மாசிலாமணி அவளை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க நடுவுல உக்காருங்கம்மா” என்று சொல்லியிருந்தார். அது இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

இந்த முறை பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். கொழுகொழுவென்று இருந்த ஒரு பெண், விரலை நாக்கில் நனைத்து வெளியே நீட்டினாள்.

“வாடைக் காத்து,” என்றாள். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, நான்தான் கனம் என்று தெளிவான இங்கிலீஷில் சொன்னாள். “இன்னிக்கு எங்க படகு சாயாம இருக்க, காத்து வர்ற பக்கம் நான்தான் உக்காரணும்.”

“அய்யோ, அப்போ நான் கூடவே உக்கார முடியாதா?” என்றாள் அவள் பக்கத்தில் இருந்த ஒல்லிப்பெண், நிஜமான வருத்தத்தோடு.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியவில்லை.

சுகிர்தம் வாசற்படிக்கு வந்தாள்.

“அந்த வார்த்தையை எப்படிச் சொல்லிக் கொடுத்தே?”

“காத்து அடிச்சப்போ வந்தது.”

“காத்து அடிக்காத நாள்ல?”

“அன்னிக்கு அதுக்கு லீவு.”

“கிண்டலா?”

“இல்லக்கா.”

“சரி. ஓல்டர், யங்கர். அதுக்கு எந்தக் காத்து அடிக்கணும்?”

ரைஹானா எழுந்தாள். போய்ச் சாப்பாட்டு மணியை அடித்தாள்.

*

மடவை மீன் குழம்பு. சுகிர்தம் குறை சொல்ல நினைத்துத்தான் வாயில் வைத்தாள். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டுப் பூவரச மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சாய்ந்தாள். ஏரி வெயிலில் உருகிக் கிடந்தது. இலைகளின் நிழல் முகத்தின் மேல் அசைந்தது. எங்கோ ஒரு கோல் தண்ணீரில் இறங்கும் சத்தம், பிறகு ஏறும் சத்தம். அது பக்கத்திலா, தொலைவிலா, தெரியவில்லை. கண்ணை மூடியதும் அந்தச் சத்தமும் மூடிக்கொண்டது.

கான்வென்ட் மைதானம். வெள்ளைச் சட்டை, நீல ரிப்பன். பிள்ளைகள் உயர வரிசையில் நிற்கிறார்கள். சுகிர்தமும் பிள்ளைதான். ஆனால் காலில் இப்போதைய செருப்பு.

“உன் இடத்துல நில்லு,” என்றது ஒரு குரல்.

சுகிர்தம் ஒருத்தியின் பக்கத்தில் போய் நின்றாள். நின்றதும் அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள். சரி, இது என் இடம் இல்லை என்று அடுத்தவள் பக்கத்தில் போனாள். அவளும் வளர்ந்தாள். போகப் போக வரிசை நீண்டுகொண்டே போயிற்று. கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கியது. ரிப்பன் கட்டிய பெண்கள் ஒவ்வொருத்தியாக ஒரு காலை மடக்கிக்கொண்டார்கள். கழுத்து நீண்டது. வெள்ளைச் சட்டை இறகாயிற்று.

“நில்லு,” என்றது குரல்.

“எங்கே?”

கடைசிப் பறவையும் பறந்து போயிற்று. பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர் மட்டும். தன் உயரம் என்ன என்று பார்த்தாள். உயரமே இல்லை. வயது என்ன என்று நினைத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். யாரை, என்னவென்று கூப்பிடுவது?

அழுகை வந்தது. கனவில் வரும் அழுகைக்கு வெட்கம் கிடையாது. பெரிதாகவே அழுதாள்.

கன்னத்தில் ஏதோ பட்டது. தட்டியது. மறுபடி தட்டியது.

கண்ணைத் திறந்தாள்.

முன்பல் விழுந்த ஒரு சின்னஞ்சிறு பெண். செவ்வந்தி என்று காலையில் யாரோ கூப்பிட்ட பிள்ளை. பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டு, மீன் வாசம் போகாத கையால் சுகிர்தத்தின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

“அழாத,” என்றது. “அழாத. அக்கா இருக்கேன்ல.”

சுகிர்தம் எழுந்திருக்கவில்லை. எழுந்து, முந்தானையைச் சரி செய்து, யாருடி உனக்குத் தங்கச்சி என்று கேட்டிருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் கேட்டிருப்பாள்.

கை தட்டிக்கொண்டே இருந்தது. இலை நிழல் போய் வந்துகொண்டே இருந்தது. அவளிடம் ‘அழாதே’ என்று ஒருவர் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த வார்த்தையை அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி அழ மாட்டாள் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் செவ்வந்தி எழுந்து போனது. போகும்போது திரும்பிப் பார்த்து, “நல்லாத் தூங்கு” என்றது.

*

வெயில் தாழ்ந்தபோது ரைஹானா பாய்களை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

சுகிர்தம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

“அந்தப் பல்லு விழுந்த குட்டிக்கு என்ன வயசு?”

“செவ்வந்தியா? ஆறு முடியல.”

“என்னைப் பாத்து, அக்கா இருக்கேன் அழாதேங்குது.”

ரைஹானா ஒரு பாயைச் சுருட்டி முடித்தாள்.

“நீ சொல்லிக் கொடுத்ததா?”

“இல்லக்கா.”

“அதுக்கு ஓல்டர், யங்கர் தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும்.”

“என்னத்தைத் தெரியும்? அது வயசு என்ன, என் வயசு என்ன? என் பேத்தி வயசு இருக்குமா அது? எதை வெச்சு அது என்னைவிட மூத்தது?”

ரைஹானா அடுத்த பாயைக் கையில் எடுத்தாள். உதறவில்லை.

“யாரு அழுதது அக்கா?”

சுகிர்தம் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.



அங்கே துறையில் மாசிலாமணி படகைத் தள்ளும் சத்தம் கேட்டது. ரைஹானா அதற்குள் பாயை உதறத் தொடங்கியிருந்தாள். தூசிக்கு நடுவே நின்று, சுகிர்தம் தன் பையை எடுத்துக்கொண்டாள். வருகிறேன் என்றுகூடச் சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

*

படகில் தானாகவே நடுவில் போய் உட்கார்ந்தாள். மாசிலாமணி ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஏரி பாலாகிவிட்டிருந்தது. கரை இல்லை, தீவு இல்லை. கோல் இறங்கியது, ஏறியது. படகு போகிறதா, ஏரிதான் பின்னால் போகிறதா என்று தெரியாத ஒரு நகர்வு. தூரத்தில் பறவைகள் வரிசையாக நின்றன. அவை எல்லாம் ஒரே உயரமாக இருந்தன, அல்லது அவள் பார்க்கவில்லை.

எழிலரசி வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். முதலில் ஒரு வாக்கியம் வந்தது, நல்ல இங்கிலீஷ். அதில் மன்னிப்பும் இருந்தது, மிடுக்கும் இருந்தது. தண்ணீரில் விட்டாள். தமிழில் ஒன்று வந்தது. பிள்ளைகளே, டீச்சர் அன்னிக்குச் சொன்னது என்னன்னா... அதையும் விட்டாள். டீச்சர் என்ற சொல்லிலேயே ஒரு பிரம்பு ஒளிந்திருந்தது.

துறை தெரிந்தபோது அவளிடம் ஒரு வாக்கியமும் மிச்சம் இல்லை.

கடல் உள்வாங்கியதில் ஏரியிலும் நீர் வற்றியிருந்தது. படகு படிக்கட்டு வரை போகவில்லை. படிக்கட்டுக்கும் படகுக்கும் நடுவே சேறும் கொஞ்சம் தண்ணீரும் பளபளத்தன.

“இதுக்கு மேல வராதும்மா. எட்டிக் கால வெச்சு ஏறிடுங்க,” என்றார் மாசிலாமணி. கோலைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்திப் பிடித்திருந்தார். அவருக்கு இரண்டு கையும் அதில்.

சுகிர்தம் எழுந்தாள். படகு ஆடியது. உட்கார்ந்தாள்.

முழங்கால் தண்ணீரில் யாரும் முழுகுவதில்லை என்று கான்வென்டில் சயன்ஸ் படித்தவளுக்குத் தெரியும். பயம் சயன்ஸ் படித்ததில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கரையில் எழிலரசி வேறு ஒரு படகின் பக்கம் குனிந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவள் முதுகுதான் தெரிந்தது.

படியில் பிள்ளைகள் இருந்தார்கள். தாரணி ஒரு கோடியில், பூரணி மறு கோடியில். நடுவே ஒரு குடும்பமே உட்காரும் அளவு இடம். தாரணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூரணி வேறு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகைப் பார்த்தார்கள். அதில் இருப்பது யார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி.

சுகிர்தம் மறுபடி எழுந்தாள். மறுபடி ஆடியது. இந்த முறை உட்காரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நடை பழகும் பிள்ளை மாதிரி நின்றாள்.

“அக்கா,” என்றாள்.

பிள்ளைகள் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். பின்னால் வந்து நிற்பது யார் என்று. படிகளில் யாரும் இல்லை.

“அக்கா, உங்களைத்தான்.”

தாரணி பூரணியைப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பூரணியும் தாரணியைப் பார்த்தாள். பார்த்த கண்ணை இருவருக்கும் எடுக்கத் தெரியவில்லை.

மாசிலாமணி கோலை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றினார். தண்ணீர் படகின் அடியில் மெல்ல முனகியது. பனி படிக்கட்டின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றாள் சுகிர்தம். “கை குடுக்கறீங்களா அக்கா?”